பாடபேதமும் வேதவாதமும்

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர். இஸ்லாமியர் நான்கு பேருக்குச் சற்று மேல். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினால் இடலாக்குடி, திட்டுவிளை, தக்கலை எல்லாம் பக்கம்தான். தக்கலையில் பீர்முகமது அப்பாவின் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போய்வருகிறார்கள். இப்படிக் கலந்து வாழும் ஊரிலும் வேதவாதம் என்று வந்துவிட்டால் பேச்சு வெளியூர்ச் சரக்காகிவிடுகிறது. கைப்பிரதியில் அச்சிட்டதும் யூடியூபில் கேட்டதும் அப்படியே ஒப்பிக்கப்படுகின்றன. அவற்றில் முதலிடம், பைபிள் திருத்தப்படாதது என்று கிறிஸ்தவர் முஸ்லிமிடம் நிறுவ முனையும் வாதத்துக்கு. அதில் உண்மையான பலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலத்தைத் தாங்கமுடியாத முடிவின் மேல் ஏற்றிவைப்பதால் வாதம் பாதியில் முறிகிறது என்பது என் கருத்து.

வாதத்தின் கட்டுமானம் எளிது. தவ்ராத்தையும் (தோரா) இன்ஜீலையும் (சுவிசேஷம்) குர்ஆன் இறைவனிடமிருந்து வந்தவையாக மதிக்கிறது. இன்ஜீலுக்குரியவர்கள் அதைக்கொண்டே தீர்ப்பளிக்கட்டும் என்கிறது (5:47). இறைவனின் வார்த்தைகளை மாற்றுவார் இல்லை என்கிறது (6:115). எனவே நபியின் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், கிறிஸ்தவர் கையில் இருந்த நூல் சரியானதாகவே இருந்திருக்கவேண்டும். அதற்கும் முந்நூறு ஆண்டு முந்திய சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் இன்றும் கிடைக்கின்றன. இன்றைய பைபிள் அவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஆக, திருத்தம் எப்போது நடந்தது, யார் செய்தார் என்பது கேள்வி. இதில் வரலாற்றுப் பகுதி அசைக்கமுடியாதது. நபிக்குப் பிறகு யாரோ கூடி நூலை மாற்றி எழுதினார்கள் என்ற பாமரக் குற்றச்சாட்டு அதன் முன் நிற்காது. நான்காம் நூற்றாண்டுக்குள் கிரேக்கம், லத்தீன், சிரியாக், காப்டிக் என்று நான்கு மொழிகளில், ஒன்றையொன்று கட்டுப்படுத்தமுடியாத சபைகளின் கையில் பரவிவிட்ட நூலை ஒரே நேரத்தில் ஒரே மாதிரி திருத்த எவராலும் ஆகாது.

ஆனால் மேடையில் ஏறியதும் இது போதவில்லை. கிரேக்கப் பிரதிகள் ஐயாயிரத்துக்கு மேல் என்ற எண் முழங்கப்படும். அவற்றில் பெரும்பகுதி ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை என்பது சொல்லப்படாது. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை தெரிந்திருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு பழையது, இருந்தும் பெரிதும் ஒத்திருந்தது என்பார்கள். உண்மை. அதே குகைகளில் கிடைத்த எரேமியா துணுக்கு ஒன்று, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவான வேறொரு எரேமியா வடிவத்தைக் காட்டுகிறதே, அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. கடைசியில் ‘ஓர் எழுத்துகூட மாறவில்லை’ என்று முடிப்பார்கள். அந்த இடத்தில்தான் எதிராளிக்கு வேலை மிச்சமாகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில், மீஸானுல் ஹக் என்ற நூலால் புகழ்பெற்றிருந்த ஜெர்மானிய மிஷனரி ஃபாண்டரும் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவியும் பொதுவிவாதம் நடத்தினார்கள். திரித்துவம், நபித்துவம் வரை பேசத் திட்டம். இரண்டாம் நாளிலேயே எல்லாம் நின்றுபோனது. ரஹ்மத்துல்லாவின் பக்கத்தில் இருந்த டாக்டர் வஸீர்கான் கொண்டுவந்தவை குர்ஆன் விரிவுரைகள் மட்டுமல்ல, ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களே எழுதிய பைபிள் ஆய்வு நூல்கள். ஏழெட்டு இடங்களில் வாசகம் மாறியிருப்பதை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். படியெடுத்தவர்களின் பிழையால் கோட்பாடு எதுவும் கெடவில்லை என்று அவர் சொன்னது நியாயமான பதில்தான். ஆயினும் மாற்றமே இல்லை என்ற தோரணையில் வந்தவர் பிறகு அதைச் சொன்னதால், விளக்கமாக ஒலிக்கவேண்டியது தோல்வியாக ஒலித்தது. ரஹ்மத்துல்லா 1857க்குப் பின் மக்காவுக்குத் தப்பிச்சென்றார். பிற்பாடு அவர் எழுதிய இள்ஹாருல் ஹக், பைபிள் பற்றிய முஸ்லிம் விமரிசனத்துக்கு இன்றும் ஆதார நூல்.

ஆக்ராவில் பேசப்பட்ட இடங்களில் ஒன்றை நாகர்கோவிலிலேயே சோதித்துப் பார்க்கலாம். சி.எஸ்.ஐ. வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை எடுங்கள்: பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய வரி இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் அதே இடத்தை எடுங்கள்: அந்த வரி இராது. பழைய கிரேக்கப் பிரதிகள் எதிலும் அது இல்லை. லத்தீன் வழியே நுழைந்தது. எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை; எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். திரித்துவத்துக்கு வெளிப்படையான ஆதாரம்போல் தோன்றும் வரி இதுதான் என்பதால் முஸ்லிம் வாதி முதலில் கைவைப்பதும் இங்கேதான். பிரதிகளை ஒப்பிட்டு அதை இடைச்செருகல் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் கிறிஸ்தவர்களே. இத்தனை பிரதிகள் இருப்பதால்தான் அது பிடிபட்டது. கிறிஸ்தவ வாதிக்கு இதைவிட நல்ல சான்று வேறு இல்லை. அதையோ அவர் மறைக்கப்பார்க்கிறார்.

உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அதனால் அது திருத்தக்கதேவர் பாடியதல்ல என்று எவரும் சொல்லவில்லை. பாடபேதம் என்பது நூல் பரவியதன் தடம். தமிழ் படித்த கிறிஸ்தவர் இந்த வழியில் பேசினால், தமிழ் படித்த முஸ்லிமுக்கு எளிதில் விளங்கும். கிறிஸ்தவர் அப்படிப் பேசாததற்குக் காரணம் உண்டு. வேதம் என்றால் சொல்லுக்குச் சொல் இறங்கியதாக இருக்கவேண்டும் என்பது வஹீ (இறைவெளிப்பாடு) பற்றிய இஸ்லாமியக் கருத்து. கிறிஸ்தவ வாதி அந்த அளவுகோலை அறியாமலேயே கடன் வாங்கிக்கொள்கிறார். லூக்கா தம் நூலின் தொடக்கத்திலேயே, கண்டவர்களிடம் கேட்டு விசாரித்து ஒழுங்காக எழுதியதாகச் சொல்கிறார். விசாரித்து எழுதியதை இறங்கிவந்ததாக வழக்காடினால் தோற்கத்தான் வேண்டும்.

குர்ஆனிலிருந்து எடுக்கும் பகுதியிலும் இதே இடறல். எதிராளி ஏற்கும் நூலைக்கொண்டே அவரை மடக்குவது தர்க்கத்தில் செல்லும். ஆனால் அவர் ஏற்கும் பொருளில் அந்த நூலை எடுக்கவேண்டும். முஸ்லிம் மரபில் இன்ஜீல் என்பது ஈஸா நபிக்கு, அதாவது இயேசுவுக்கு, அருளப்பட்டது. அவரைப் பற்றி நால்வர் எழுதிய வரலாறு அல்ல. தம் கைகளால் எழுதிவிட்டு இறைவனிடமிருந்து வந்தது என்போரைக் கண்டிக்கும் 2:79ஐ விட்டுவிட்டு 5:47ஐ மட்டும் காட்டினால், குர்ஆன் ஓதியவர் சிரிக்கமாட்டாரா? மறுபுறம், முஸ்லிம் அறிஞர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 1064இல் மறைந்த இப்னு ஹஸ்ம் நூலே மாற்றப்பட்டது என்றார். 1210இல் மறைந்த ராஸி பொருளைத் திரித்தார்கள் என்ற விளக்கத்துக்கும் இடம் கொடுத்தார். ஆக்ராவுக்கு எட்டே ஆண்டு கழித்து, 1862இல், சர் சையத் அகமது கான் காசிப்பூரில் பைபிளுக்கு விரிவுரை அச்சிடத் தொடங்கினார். தஹ்ரீஃப், அதாவது வேதத்தைத் திரித்தல், பெரும்பாலும் பொருள் பற்றியது என்பது அவர் நிலை. மேடை விவாதத்தில் ஃபாண்டருக்குக் கிடைக்காத இசைவு, மேடையே இல்லாத இடத்தில் ஒரு முஸ்லிமின் பேனாவிலிருந்து வந்தது.

பாடபேதத்தை ஒப்புக்கொண்டால் சாதாரண விசுவாசி நிலைகுலைந்துபோவார் என்பது சபைக்குள்ளிருந்து எழும் மறுப்பு. அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. ஆனால் அவர் பையனின் செல்போனிலேயே விவாத வீடியோ ஓடுகிறது. போதகர் சொல்லாததை எதிர்வாதி சொல்லும்போது விழும் அடி இரட்டிப்பாகாதா? இன்னொரு தப்பும் வழி உண்டு: கலீஃபா உஸ்மானின் காலத்தில் பிற பிரதிகள் எரிக்கப்பட்டதையும் 1972இல் ஏமனின் சனாவில் கிடைத்த பழைய குர்ஆன் தாள்களையும் எடுத்து எதிராளிமேல் வீசுவது. ஆராயத்தக்க செய்திகள்தாம். ஆனால் குர்ஆனில் குறை கண்டால் பைபிளுக்கு நிறை கூடிவிடாது.

உண்மையான வழக்கு பிரதிகளில் இல்லை. ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது குர்ஆன் 4:157. அறையப்பட்டார் என்கின்றன நான்கு சுவிசேஷங்களும். அந்தப் பகுதியில் எந்தப் பாடபேதமும் அதை மாற்றவில்லை. எழுதியவர்கள் அதைத்தான் எழுதினார்கள் என்பதுவரை ஏடுகள் சொல்லும். எழுதியது நடந்ததா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ், பிலாத்துவின் ஆளுகையில் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதாக எழுதியிருப்பது அத்தகைய சாட்சி. ஐயாயிரம் பிரதிகளின் எண்ணிக்கையைவிட அந்த ஒரு குறிப்பு இந்த வழக்குக்கு நெருக்கமானது. அதுகூட ஒரு மரணத்தை உறுதிசெய்யுமே தவிர, ஒரு நூலை வேதமாக்கிவிடாது.