சார்பட்டாவின் ரங்கன் வாத்தியார்

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொல்லும் படம். ஆர்யா நடித்த கபிலன் நாயகன் என்றாலும் படத்தின் கனம் பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியாரிடமே உள்ளது. கையுறையைக் கழற்றியவருக்கு மிஞ்சியது வாக்கு மட்டும்தான். தோற்றால் சார்பட்டா இனி மேடையேறாது என்று அவர் சவால் விடும்போது பணயமாவது ஒரு பரம்பரையின் மானம். முதற்பாதி இதை நிதானமாகக் கட்டுகிறது. 1976-இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு அவர் சிறை சென்றதும் திரைக்கதை தளர்ந்துவிடுகிறது. கபிலன் சாராயத்தில் மூழ்குவது அவசர அவசரமாக முடிகிறது. வாத்தியார் இல்லாத மாணவன் எப்படிச் சரிகிறான் என்பதுதான் அங்கே கேட்கவேண்டிய கேள்வி. படமோ அதை விட்டு, எல்லா விளையாட்டுப் படங்களையும்போல, கடைசிப் பந்தயத்துக்கு ஓடிவிடுகிறது.