பழைய டயரும் பள்ளி முற்றமும்

ஓடித் தேய்ந்த லாரி டயரை ஏறி விளையாடும் மேடாகவும் ஊஞ்சலாகவும் மாற்றுவது இந்தியாவிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. ஆனால் யார் கூடிச் செய்கிறார்கள் என்பதில்தான் கதையே மாறுகிறது.

இந்தியாவில் இதைப் பரவலாக்கியது பெங்களூரின் ‘ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்’. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்த பூஜா ராய் தொடங்கிய அமைப்பு. டயர்களை அடுக்கி, போல்ட் போட்டு முறுக்கி, பிள்ளைகள் நுழையவும் தாவவும் தொங்கவும் தோதாக அமைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொன்னதால் இந்த மாதிரி வேலைகளுக்குப் பணம் வருகிறது. பணம் தந்த நிறுவனத்தின் ஊழியர்கள் ஒருநாள் வந்து பெயின்ட் அடிப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். டிசைன் அருமையாக இருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது.

இலங்கையில் கதை வேறு. முன்பள்ளி ஆசிரியையும் பெற்றோரும் சிரமதானம் (கூட்டு உழைப்பு) வைத்து, பாதி டயரை மண்ணில் புதைத்து வரிசையாக நட்டுவிடுவார்கள். பார்க்க எளிமைதான். ஆனால் அங்கே முற்றத்தில் டயரைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சும்மா கடந்து போகமாட்டார். 2017இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் (கொசு) பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, டயரில் தேங்கிய நீரில் கொசுப் புழு இருந்தால் இடத்துக்குப் பொறுப்பானவர் நீதிமன்றம் ஏறவேண்டியதுதான். தமிழ்நாட்டிலும் மழைக்காலத்தில் டயர்க் கடைக்காரருக்கு அபராதம் விழுகிறது. பெயின்ட் அடித்த டயரென்றால் மட்டும் நமக்குச் சந்தேகமே வருவதில்லை!

டயரின் உள்வளைவில் நீர் எப்படியும் தேங்கும். நட்டுவைத்த டயரென்றால் புதைந்த பகுதியை மண்ணால் நிரப்ப வேண்டும். தொங்கும் டயரென்றால் அடிவளைவில் துளை போட வேண்டும். ஒரு துளை போதாது, ஒரு வேப்பிலை விழுந்தாலே அடைத்துக்கொள்ளும். கம்பி துருத்திய ரேடியல் டயர் பக்கமே போகக்கூடாது. இதைவிட வில்லங்கம், ஏடிஸ் கொசுவின் முட்டை. ஈரமில்லாமலே மாதக்கணக்கில் ரப்பரில் ஒட்டிக் கிடந்து, முதல் மழைக்குப் பொரிக்கும். அதனால் நடுவதற்கு முன்பே பிரஷ் போட்டு உரசிக் கழுவியாக வேண்டும். முட்டை பொரித்தபின் கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை யாராவது குனிந்து பார்க்க வேண்டும்.

ரிப்பன் வெட்டியவர் வாராவாரம் வரமாட்டார். துளை போட்ட அம்மா வருவார், அவர் பிள்ளைதான் அதில் ஆடுகிறது. இந்த ஒன்றில் எளிய முன்பள்ளி முற்றமே என் கண்ணுக்கு ஒரு படி மேல்.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். டயர் விளையாட்டிடம் தர முன்வரும் நிறுவனங்கள் துளை போடும் நாளிலேயே அவர்களை அழைக்கட்டும். மாற்று போல்ட்டுக்கும் பிரஷுக்கும் ஆகும் காசையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.