‘கானூனே இஸ்லாம்’: சட்டமா, வழக்கமா?

1832-ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ என்னும் நூல் நம் வாசகரிடையே போதிய அறிமுகம் பெறவில்லை. ஏலூரைச் சேர்ந்த ஜஃபர் ஷரீப் என்பார் எழுதியளிக்க, சென்னை அரசின் பணியிலிருந்த மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் அதனை மொழிபெயர்த்தார். தக்காணத்து முஸ்லிம்களின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகள் அனைத்தும் இதில் அடங்கியுள்ளன. மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசுதல், மருதாணி, ‘ஜஹேஸ்’ என்னும் சீர்வரிசை, மணத்திற்குப் பிந்திய வெள்ளிக்கிழமை விருந்துகளாகிய ‘ஜும்ஆகி’, மய்யித்து அடக்கமான மூன்றாம் நாள் ‘ஜியாரத்’, பின்னர் பத்து, இருபது, முப்பது, நாற்பதாம் நாட்களின் பாத்திஹாக்கள் என்று விரிகின்றது நூல். ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தக்கனி உருது பேசும் குடும்பத்தார் இதனைப் படித்தால், தம் வீட்டு நடுமுற்றத்தையே எவரோ எட்டிப்பார்த்து எழுதியது போலிருக்கும்.

நூலின் நுட்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அதன் பெரும்பிழை தலைப்பிலேயே இருக்கின்றது. ‘கானூன்’ என்றால் சட்டம். நிக்காஹ்வுக்கு ஷரீஅத் கேட்பவை மிகச் சில: ஈஜாப், கபூல், சாட்சிகள், மணமகன் அளிக்கும் மஹர். மய்யித்துக்குச் சமுதாயத்தின் மீதுள்ள கடமைகள் நான்கே: குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, நல்லடக்கம். இந்தச் சிறு எண்ணிக்கைக்கு வெளியே நூலில் விரியும் பெரும்பகுதி வழக்கமேயன்றிச் சட்டமன்று. அயலார் ஒருவரின் மேற்பார்வையில், அயலார் படிப்பதற்கென எழுதப்பட்ட நூல், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘இதுவே இஸ்லாம்’ என்று நீட்டிவிட்டது. 1921-இல் வில்லியம் குரூக் இந்நூலைத் திருத்தி, வரிசை மாற்றி மறுபதிப்பித்தார். தலைப்பின் முன்னே ‘இந்தியாவில் இஸ்லாம்’ என்பது வந்து சேர்ந்தது. குழப்பம் குறைந்ததா? இல்லை.

இதற்கு நேர்மாறான பிழையைக் காண ஜாவாத் தீவுக்குத்தான் செல்ல வேண்டும். அமெரிக்க மானிடவியலார் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட ‘ஜாவாவின் சமயம்’ என்னும் நூல் உலகப் புகழ் பெற்றது. அங்கே ஒருவர் இறந்தால் மூன்றாம், ஏழாம், நாற்பதாம், நூறாம் நாட்களிலும், ஆண்டு நிறைவிலும், இறுதியாக ஆயிரமாவது நாளிலும் அண்டை வீட்டாரை அழைத்து துஆ ஓதி உணவளிப்பர். ‘ஸ்லாமத்தான்’ என்பது இவ்விருந்தின் பெயர். ‘ஸலாமத்’ என நாம் அறிந்த அரபுச் சொல்லே அது. திருமணத்தில் நிக்காஹ் தனியே நடக்கும். மணமகன் முட்டையை மிதிக்கும் சடங்கு தனியே நடக்கும். இவற்றையெல்லாம் கண்ட கீர்ட்ஸ், மேலே இஸ்லாம் மெல்லிய பூச்சு, உள்ளே பழஞ்சமயம் என்னும் முடிவுக்கு அருகே வந்து நின்றார். பிற்காலத்தில் மார்ஷல் ஹாட்ஜ்சனும், 1989-இல் மார்க் உட்வர்டும் இதனைக் கடுமையாக மறுத்தனர். உட்வர்டு ஜாவானியச் சடங்குகளின் வேர்களை இஸ்லாமிய நூல் மரபிலேயே தேடிக் காட்டினார்.

எனினும் கீர்ட்ஸ் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி நம் உள்ளத்தைத் தொடாமலிராது. சிற்றூர் ஒன்றில் சிறுவன் ஒருவன் திடீரென இறந்துவிடுகின்றான். அவனை வளர்த்த மாமன் இஸ்லாமிய எதிர்ப்புக் கட்சியொன்றைச் சார்ந்தவர். ஜனாஸாக் காரியம் பார்க்கும் ‘மோதின்’ அவ்வீட்டு வாசலில் கட்சி விளம்பரத்தைக் கண்டதும் மறுத்துவிடுகின்றார். உறவினர் திகைத்து நிற்க, உடல் காத்துக் கிடக்கின்றது. தந்தை வந்து, முஸ்லிம் முறைப்படியே ஆகட்டும் என்று சொன்ன பின்னரே காரியம் முறையாக நடக்கின்றது. வழக்கம் எது, மார்க்கம் எது என்ற சண்டை முற்றினால் மய்யித்தின் கதி என்னவாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்தோனேசியரே வழக்கத்தை ‘அதாத்’ என்பர். அதுவும் அரபுச் சொல்லே. நஸ்ஸுக்கு முரணாகாத வழக்கத்தை ஃபிக்ஹு நூலோர் ‘உர்ஃபு’, ‘ஆதத்’ என்று பெயரிட்டு மதித்தனர். காயல், கீழக்கரை மக்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபினரான ஜாவா முஸ்லிம்களுக்கு இது புதிதன்று. இந்த உரைகல் ஜஃபர் ஷரீபின் கையிலும் இல்லை, கீர்ட்ஸின் கையிலும் இல்லை.

நம் எல்லைப்புறத்துக்கு இவ்வுரைகல் இன்று மிகவும் தேவை. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின்னர் ஒசூருக்குப் பல மாவட்டத்துத் தமிழ் முஸ்லிம்கள் வேலைக்கு வந்தனர், தக்கனி பேசுவோருடன் ஒரே பள்ளிவாசலில் தொழுகின்றனர், சம்பந்தமும் செய்கின்றனர். இவர்கள் வீட்டில் கருகமணி, அவர்கள் வீட்டில் லச்சா. இரண்டும் கருமணி மாலைகளே. தாலியைப் போன்றதாயிற்றே, கூடுமா கூடாதா என்று வாதம் எழுகின்றது. நாற்பதாம் நாள் பாத்திஹா பற்றிய வாதம் அதனினும் காரமானது. இவற்றை ஆலிம்கள் ஆய்வது முறையே, நாம் குறுக்கிடவில்லை.

ஆனால் கைக்கூலியையும் ஜஹேஸையும் பற்றி அந்தக் காரம் எங்கே போயிற்று? மணமகன் கொடுப்பது மஹர், அது சட்டம். பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்குவது, ஷரீஅத்தின் திசையையே திருப்பிவைத்த வழக்கம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம்கூட, முஸ்லிம்களின் மஹர் வரதட்சணையாகாது என்று விலக்கி வைத்தது. நாட்டுச் சட்டம் கண்ட வேறுபாட்டை நம் கல்யாணப் பேச்சுகள் காண்பதில்லை. கருமணிக்கு ஆதாரம் கேட்கும் அதே கூடத்தில், சீர்ப் பட்டியல் மட்டும் எவ்வித ஆதாரமும் கேட்கப்படாமல் நிறைவேறுகின்றது. ஜஃபர் ஷரீபின் நூலும் ஜஹேஸை மற்றொரு சடங்காகவே எண்ணி, நிதானமாக விவரித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுகின்றது.