பாகூர் ஈரத்தில் செஸ் பலகை

மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது முதல் புதுச்சேரியை அடுத்த எங்கள் பாகூர்ப் பக்கமும் செஸ் பேச்சு அதிகம். சுருட்டி வைக்கும் ரெக்சின் விரிப்பில் ஆடிப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை மரப் பலகை. தொட்டுப் பார்த்து வாங்கக் கடையில்லாததால் இணையத்தில் இரண்டு வாங்கினேன். ஒன்று ‘முழு மரம், கைவேலை’ என்று விற்ற சீஷம்–மேப்பிள் பலகை. இன்னொன்று எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) மேல் வெனீர் என்னும் மெல்லிய மரத் தகடு ஒட்டியது, விலை குறைவு.

முதலில் ஸ்கேலை எடுங்கள். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே. ஒரே கட்டத்தில் நான்கு சிப்பாய்கள் நிற்க வேண்டும். விளம்பரத்தில் ‘18 அங்குலம்’ என்பது பார்டரையும் சேர்த்து. பார்டர் பக்கத்துக்கு 2 அங்குலம் போனால் ஒரு கட்டத்துக்கு மிஞ்சுவது 1¾ அங்குலம், சுமார் 4.4 செ.மீ.தான். அதில் 9.5 செ.மீ. ராஜாவை நிறுத்தினால் ஆட்டம் நெரிசலாகிவிடும்.

அடுத்து, நான்கு கட்டங்கள் கூடும் முனைகள். கோடு விலகியிருக்கிறதே என்று கேட்டால் ‘கைவேலை என்றால் அப்படித்தான்’ என்று பதில் வரும். வில்லியனூர் சுடுமண் குதிரையில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாதது அழகு. பலகைக்கு இந்தச் சமாதானம் செல்லாது. வெட்டு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் எட்டாவது கட்டத்துக்குள் கண்ணை உறுத்தும்.

உண்மையான சோதனை மழைக்காலம். முழு மரப் பலகையில் வெளிர், கருமைச் சட்டங்களை மாற்றி மாற்றி ஒட்டி, குறுக்கே அறுத்து, ஒரு கட்டம் தள்ளி மறுபடி ஒட்டுகிறார்கள். அதனால் 64 கட்டங்களிலும் ரேகை ஒரே திசையில் ஓடும். ஈரம் ஏறினால் மரம் ரேகைக்குக் குறுக்கே உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. நாலு பக்கமும் பார்டரைப் பசை போட்டு இறுக்கியிருந்தால் உப்பும் மரம் எங்கே போகும்? என் முழு மரப் பலகையில் மூலை இணைப்புகள் வாய் பிளந்தன. நடுவில் மேடு தட்டியது. மூலைக்கு மூலை ஸ்கேலை வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. பார்டரைக் காடி வெட்டிப் பொருத்தி, மரம் அசைய இடம் விட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. ஒழுங்காக உலராத மரமும் காரணமாக இருக்கலாம்.

மலிவான வெனீர் பலகை அசையவே இல்லை. அடிப்பக்கமும் வெனீர் ஒட்டியிருந்ததுதான் விஷயம். மேலே மட்டும் ஒட்டினால் அதுவும் வில்லாக வளையும். ஆகவே விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: எம்.டி.எஃப். மேல் தேநீர் கொட்டி உள்ளே இறங்கினால் ஊதிவிடும், பழையபடி அடங்காது.

பிள்ளைகள் தினமும் ஆட வெனீர் போதும். முழு மரமேதான் வேண்டுமென்றால் ஐப்பசியில் ஆர்டர் போடுங்கள். பங்குனியில் வாங்கிய பலகை, திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.