கதவு வந்தது, வீடு வரவில்லை

சென்னையில் வசதியானவர்கள் குடிபோகும் அடுக்குமாடி வீடுகளில் இப்போது காரைக்குடித் தூண் ஒன்றைப் பார்க்க முடிகிறது. அந்தத் தூண் எதையும் தாங்கவில்லை. கான்கிரீட் கூரைக்கு அதன் தயவும் தேவையில்லை. ஆனாலும் வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தெடுத்து நவீன உள் அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் இந்தப் பழக்கத்தை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பர்மா, மலேயா வட்டித்தொழிலில் வந்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை. இரண்டாம் உலகப் போரோடு அந்த வருமானம் படுத்தது. ஒரே வீட்டுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்குதாரர்கள் பெருகினார்கள். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரும் ஒத்துவர வேண்டிய நிலை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. தனியார் வீட்டின் மழைக்கசிவை அந்தப் பட்டியல் நிறுத்தாது. எப்படியும் இடியப்போகிற வீட்டின் பர்மா தேக்கு விறகாகாமல் இன்னொரு கூடத்தில் நிற்பது நல்லதுதான். புதிதாக ஒரு மரம் வெட்டப்படுவதும் அந்த அளவுக்குக் குறைகிறது.

கோளாறு கதவில் தெரிகிறது. பழைய நிலைக்கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் மேலும் கீழும் நீட்டிவிட்ட குடுமிகள் நிலையிலுள்ள குழிகளில் சுழலும்; கதவின் கனம் முழுவதும் கீழ்க்குடுமியில் இறங்கும். அந்தக் கனத்துக்கு ஏற்ற நிலை, நிலைக்கு ஏற்ற சுவர், முகப்பிலிருந்து வளவு என்னும் உள்முற்றம் வழியாக இரண்டாங்கட்டுவரை நேர்கோட்டில் வரும் காற்று எல்லாம் சேர்ந்ததுதான் தச்சரின் கணக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கும்போது கதவு மட்டும் வருகிறது. பிறகு குடுமியை அறுத்து எஃகுக் கீல் போடுகிறார்கள். இல்லையென்றால் படுக்கவைத்து, மேலே கண்ணாடி பதித்துச் சாப்பாட்டு மேசையாக்குகிறார்கள். கதவுக்கும் தூணுக்கும் தனித்தனி விலை கிடைக்கும்போது, வீட்டைப் பழுதுபார்ப்பதைவிட இடிப்பதே லாபம் என்ற எண்ணமும் வலுக்கிறது. மீட்பு என்று சொல்லப்படுவதே சில நேரம் இடிப்புக்கு முன்பணமாகிறது.

அதே கடைகளில் சரிவான மூடி போட்ட கணக்குப்பிள்ளைப் பெட்டிகளும் கிடைக்கின்றன. மடிக்கணினி வைக்கத் தோதானவை என்று வாங்குபவர்கள் பா. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை ஒருமுறை படிக்கலாம். 1972-இல் வெளிவந்த அந்த நாவல், வட்டிக்கடைக் கிட்டங்கியின் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய தமிழ் இளைஞர்களை இந்தோனேசியாவின் மெடான் தெருக்களோடு சேர்த்துக் காட்டுகிறது. சிங்காரம் இளம் வயதிலேயே இந்தோனேசியா போய் வேலை பார்த்தவர்; அந்தப் பெட்டிக்கு முன்னால் குனிந்த முதுகுகளை அறிந்தவர். மாளிகையின் மரத்தை மெச்சும் அலங்காரக்கலை, அதற்குப் பணம் சேர்த்த கைகளையும் இழைத்த கைகளையும் ஒருசேர மறந்துவிடுகிறது. இதுவே அதன் பெரிய குறை.

செட்டிநாட்டு வீட்டுத் தரைகளில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வேறு ரகம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதன்மேல் ஈரச் சாந்து அப்பி, இறுகியதும் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது; கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பு. குறையும் உண்டு: ஆசிட் ஊற்றிக் கழுவினால் முகம் போய்விடும், கை வேலை என்பதால் நிறம் ஒன்றுக்கொன்று சற்று மாறும். பொறுமையில்லாதவர்கள் அதே பூவேலையை அச்சடித்த இயந்திர ஓடுகளுக்குப் போய்விடுகிறார்கள். என்றாலும் இங்கே கொடுக்கும் காசு இன்றைக்கு வேலை செய்யும் ஒருவருக்குக் கூலியாகப் போகிறது.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் சில மாளிகைகள் முழுசாகவே விடுதிகளாகியிருக்கின்றன. இரண்டுக்கும் பெரும் பணம் வேண்டும். எல்லா வீட்டுக்கும் அது நடக்காது. ஆனால் அங்கே தச்சருக்கும் கொத்தனாருக்கும் பழைய முறையிலேயே பழுதுபார்க்கும் வேலை கிடைக்கிறது. அடுக்குமாடிக்குப் போகும் கதவில் தச்சருக்கு மிஞ்சுவது, லிஃப்டில் ஏறும் அளவுக்கு அதை அறுத்துக் கொடுக்கும் வேலைதான்.