திருவிளையாடற் படமும் சிவபத்தியும்

இறைவன் ஒருவனே யாயினும் அவனை நினைத்தற்கு உயிர்கட்கு வாய்க்கும் வாயில்கள் பல. தாய் சொல்லும் கதை, கோயிற் சிற்பம், ஓதுவார் இசை என்பன பண்டை வாயில்கள். சென்ற நூற்றாண்டில் திரைப்படமும் அவற்றோடு சேர்ந்தது. 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவிளையாடல்' என்னும் படத்தைப் பன்முறை கண்டும், அதன் உரையாடலைத் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியே கேட்டும் சிவபெருமான்பால் அன்பு கொண்டோர், எம் சத்தியமங்கலத்தும் பிற கொங்குநாட்டு ஊர்களிலும் பலர் உளர். பரஞ்சோதி முனிவர் நூலை ஒருகாலும் விரித்துப் பாராத அவர்க்கு அப்படமே புராணமாயிற்று. இது நன்றோ தீதோ என ஆராய்தல் சைவர் கடனாம்.

அப்படத்தை இயக்கியதோடு நக்கீரராகவும் நடித்தவர் ஏ. பி. நாகராசன். ஔவையாராக நடித்தவர் பாடல்பெற்ற கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள். இவ்வம்மையார் 1935-இலேயே நந்தனாராகத் திரையில் தோன்றியவர். அந் நந்தனார் கதை நாட்டில் மிகப் பரவியதும் சேக்கிழார் வாக்கால் அன்று. கோபாலகிருட்டிண பாரதியார் கீர்த்தனையால் என்க. அக் கீர்த்தனையில் வரும் கொடிய வேதியர் பெரியபுராணத்தில் இலர். ஆகலின், முதனூலினும் வழிவந்த கலையே மக்கள் நெஞ்சிற் பதிதல் புதுமையன்று. பதிந்த பொருள் யாது என்பதே ஈண்டு வினா.

தருமி வரலாற்றை நோக்குவாம். புராணத்தின் 52-ஆம் படலத்தில் வரும் தருமி, தாய்தந்தையரை இழந்த ஆதிசைவ இளைஞன். மணம் புரிந்து இல்லறத்தில் நின்று சிவபூசைக்கு உரியனாதல் வேண்டும் என்பதே அவன் விழைவு. பொற்கிழி அதற்குக் கருவி மாத்திரையே. படத்தில் நாகேசு நடித்த தருமியோ வறுமையால் புலம்பிப் பொன்னையே நாடுகின்றான். அவன் புலம்பல் கேட்டு நகாதார் இலர். ஆயின் நகையினூடே பூசை வேட்கை மறைந்தொழிந்தது. அடியவன் இரவலனாயினான், இறைவனும் கொடையாளன் மாத்திரையாய்த் தோன்றுகின்றான்.

நக்கீரர் வரலாற்றில் இழப்பு இன்னும் பெரிது. புராணம் அதனை 52, 53, 54 ஆகிய மூன்று படலங்களில் விரிக்கின்றது. நெற்றிக்கண் வெம்மை ஆற்றாது பொற்றாமரையில் வீழ்ந்த கீரர் தம் பிழை உணர்கின்றார், இறைவனைப் பாடுகின்றார், கரையேற்றப்படுகின்றார். பின்னர் அகத்தியர்பால் இலக்கணமும் கேட்கின்றார். பதினோராந் திருமுறையில் உள்ள கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி அவ்வுணர்விற் பிறந்ததாகப் புராணம் கூறும். படமோ வாதத்தை நெடிது காட்டி, வீழ்ச்சியையும் மீட்சியையும் சில நொடிகளில் முடிக்கின்றது. அதனால் காண்போர் நெஞ்சில் நிற்பது, கடவுளையே எதிர்த்த புலவரின் அஞ்சாமை ஒன்றே. தீயும் நீரும் ஆணவம் தேய்த்தற்கு வந்த மறக்கருணை என்பது தோன்றுவதில்லை. வாதத்தில் எவர் வென்றார் என்பதே பேச்சாகின்றது. உயிர் எவ்வாறு உய்ந்தது என்பது பேச்சாவதில்லை.

கண்மூடி வழிபடுங்கால் சிவாசி கணேசன் முகமே முன்னிற்கின்றது என்று வருந்துவாரும் உளர். "அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுக என்று சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் கூறுமாகலின், நடிகர் வேடத்தைத் தொழுதல் குற்றமாமோ? மெய்ப்பொருள் நாயனார் முத்தநாதனது பொய்வேடத்தையும் வணங்கினாரன்றோ?" எனின், கூறுதும். வேடம் பொய்யாயினும் நாயனார் அன்பு மெய். அவ்வன்பு வேடத்தைக் கண்டபின் தோன்றியதன்று. வேடத்திற்கு உரியான் இன்னான் என முன்னரே தெளிந்த நெஞ்சில் நின்றது. படத்தால் அன்பு கொண்டார்க்கு வேடம் முன்னும் தெளிவு பின்னுமாம். ஆகலின், அவர் வணங்கியது குற்றமன்று. அவ்வளவில் நின்றுவிடுதலே குறை.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானநெறி நால்வகைப்படும். திரைப்படம் தர வல்லது முதற்படியின் ஒரு கூறே. அதனையும் இகழ்தல் தகாது; நூல் அணுகாத பல்லாயிரவர் செவியில் சிவன் பெயரை அது சேர்த்தது. படம் கண்டு கசிந்தாரைப் பழிக்கும் புலவர், அவர்க்கு அம் மூன்று படலங்களையும் பொருள் சொல்லிக் கற்பித்தாரா எனத் தம்மைத் தாமே வினவுவாராக.

கோயில்தோறும் கிழமைக்கொருமுறை அப்படலங்களை விரித்துரைத்தால், நகைத்தவர் தருமியின் பூசை வேட்கையை அறிவர். வாதத்தை வியந்தவர் கீரரின் கண்ணீரையும் அறிவர். சத்தியமங்கலத்தைத் தொட்டோடும் பவானி, காவிரியொடு கூடுமிடத்தில் சம்பந்தர் பாடிய திருநணா உள்ளது. அங்குச் சென்று பதிகம் ஓதிச் சிவலிங்கத் திருமேனியை நெடுநேரம் நோக்கிப் பழகுவார்க்கு, நடிகர் முகம் தானே விலகும். அன்பு மாத்திரம் எஞ்சும்.