உட்கார்ந்தே கழித்த இரவுகள்

இரயில் பிரயாணத்தைப் பற்றி எழுதுவோரிற் பெரும்பாலோர் ஜன்னலைப் பற்றியே எழுதுகின்றனர். மலை வந்தது என்பர். ஆறு வந்தது என்பர். சூரியோதயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவர். இரவு எங்கே போயிற்று என்று கேட்டால், உறங்கினோம் என்று ஒரு சொல்லில் முடித்து விடுவர். படுக்கை அறைக்குப் பணம் கொடுத்தவருக்கு இரவு என்பது கதவைச் சாத்திக் கொள்ளும் நேரம். உட்காரும் ஆசனத்துக்கு மட்டும் சீட்டு வாங்கியவனுக்கோ பிரயாணத்தின் பாரமான பகுதியே இரவுதான். பக்கத்தில் இருப்பவன் யார், அவன் எங்கே போகிறான், ஏன் போகிறான் என்பவற்றை அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அறிந்தே தீர வேண்டும்.

இந்த வேற்றுமையை உள்ளபடி உணர்ந்து எழுதிய நூல்கள் மிகச் சிலவே. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'அக்ராஸ் த பிளெய்ன்ஸ்' அவற்றுள் முதல் வரிசையில் வைக்கத் தக்கது என்பது நமது துணிபு. 1879ஆம் ஆண்டில், கையில் பணம் குறைந்து, உடல் நலமும் கெட்டிருந்த நிலையில், அவர் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஏழைக் குடியேறிகளின் வண்டியில் சென்றார். அந்தக் கட்டுரை 1883இல் பத்திரிகையில் வந்து, 1892இல் நூலாயிற்று.

வண்டியை அவர் வருணிக்கும் இடம் ஒன்றே போதும், எழுத்தாளரின் தரத்தைக் காட்ட. நீண்டு ஒடுங்கிய மரப்பெட்டி போன்றதொரு வண்டி. ஒரு கோடியில் அடுப்பு, மறு கோடியில் கழிப்பிடம். பெஞ்சுகளோ கால் நீட்டப் போதாதவை. ஆகவே இருவர் இருவராகச் சேர்ந்து, எதிரெதிர்ப் பெஞ்சுகளின்மேல் ஒரு பலகையைப் போட்டு, வைக்கோல் அடைத்த பைகளைப் பரப்பிப் படுக்க வேண்டும். பலகைக்கும் பைகளுக்கும் இரண்டரை டாலர் கேட்டனர்; சற்று நேரத்துக்கெல்லாம் அதே சரக்கு விலை இறங்கி விற்றது. ஏழையிடம் இரவைக்கூட விலைக்கு விற்ற இச்செய்தியை ஸ்டீவன்சன் கோபமின்றி, கணக்குப் பிள்ளையைப் போல் எழுதிச் செல்கிறார். கோபம் நமக்கு வருகிறது. அதுவே அவருடைய திறமை.

இயற்கைக் காட்சியோ நூலில் வெகு குறைவு. நெப்ராஸ்காவின் சமவெளியில் கண்ணுக்குப் பற்றுக்கோடு ஒன்றுமில்லை. வயோமிங் பாலைவனத்தில் அவர் நோயுற்றுக் கிடந்தார். இறுதியில் சியரா நெவாடா மலையில், பனியைத் தடுக்க இருப்புப்பாதையின்மேல் கட்டிய மரக் கூடாரங்கள் இரண்டுக்கு இடையே, விடியற்காலையில் ஒரு கணம் பைன் மரக்காடும் நுரைத்தோடும் ஆறும் தென்படுகின்றன. உடனே மறைந்து விடுகின்றன. ஆயினும் அந்த ஒரு கணம் படிப்போர் நெஞ்சை உருக்கக் காரணம் யாது? அதற்கு முன் கழிந்த இரவுகள் அனைத்தையும் அவருடன் நாமும் உட்கார்ந்தே கழித்திருக்கிறோம்.

இனி, நூலின் உயிர்நிலைக்கு வருவோம். அந்த வண்டித் தொடரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு வண்டி, தனி ஆண்களுக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று. சீனர் அசுத்தமானவர் என்று வெள்ளையர் பழித்தனர். ஸ்டீவன்சனோ, தம் வண்டியின் காற்றே நாற்றமடித்ததென்றும், சீனர் வண்டிதான் ஒருவாறு தூய்மையாக இருந்ததென்றும், அவர்கள் காலையும் கழுவினார்கள், நம்மவர் அதைக் கனவிலும் கருதவில்லை என்றும் எழுதுகிறார். உற்று நோக்காமலே வெறுத்தனர், குறைந்த கூலிக்கு உழைப்பதே அவர்கள் செய்த குற்றம் என்று காரணத்தையும் காட்டுகிறார். சீனத் தொழிலாளர் நுழைவதை அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது 1882இல். அதற்கு அடுத்த ஆண்டிலேயே இப்பகுதி அச்சேறியது. இதற்காக அவரைப் பாராட்டாதிருக்க நம்மால் இயலாது.

ஆனால் நூலில் ஒரு முரண்பாடு இருக்கிறது; புகழ்வோர் அதைப் பேசுவதில்லை. இதே நூலில், இருப்புப்பாதை போடப்பட்ட கதையை வீரகாவியமாகப் பாடும் இடத்தில், அச்சீனர் சடை பின்னிய கடற்கொள்ளைக்காரராக, சூதாடிச் சண்டையிடும் கூட்டத்தில் ஒரு பகுதியாகத் தோன்றுகின்றனர். வண்டியில் கண்டபோது மனிதர். காவியத்தில் வைத்தபோது கொள்ளைக்காரர்! கண்ணால் கண்டதை எழுதிய கை நேர்மையாக எழுதியது. கற்பனை செய்த கை உலகத்தார் வாய்ச்சொல்லையே எழுதி விட்டது. மேலும், பல நாள் ஒரே தொடரில் சென்றும் அவர் ஒரு சீனரோடு பேசியதாக நூலில் இல்லை. தம்மோடு பலகையைப் பகிர்ந்த பென்சில்வேனியாக்காரனை நாம் அறிகிறோம். சீனர் வண்டியில் ஒருவனையும் அறியோம். பக்கத்து ஆசனம் வரையில்தான் அவருடைய நட்பு எட்டியது.

இன்று 'கலிபோர்னியா ஸெஃபிர்' என்னும் இரயில் சிகாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள எமரிவில் வரை 2,438 மைல் செல்கிறது. இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். வயோமிங்கை விட்டுக் கொலராடோ மலைகளின் வழியே அது செல்லினும், சியராவை ஸ்டீவன்சன் கடந்த அதே கணவாயின் வழியாகவே கடக்கிறது. 'கோச்' என்பது அதிலே படுக்கையில்லாத வகுப்பு. ஆசனம் பின்னால் சாயும். காலுக்குத் தாங்கி உண்டு. பெருஞ் ஜன்னல்கள் வைத்த காட்சி வண்டியில் எவரும் போய் அமரலாம். நிறம் பார்த்து வண்டி பிரிப்பதும் இல்லை. குளியலறை மட்டும் படுக்கை வகுப்பாருக்கே உரியது. சாப்பாடு அவர்களுக்குக் கட்டணத்தில் அடங்கும். கோச்சில் இருப்பவர் தனியே காசு கொடுக்க வேண்டும். இந்தப் பிரயாணத்தைப் பற்றி இப்பொழுது வரும் எழுத்துக்களில் மலைகள் நிறைய இருக்கின்றன. அடுத்த ஆசனத்தில் இருப்பவர் குறட்டை விடுபவராக மட்டுமே வருகிறார்.

அந்தக் கணவாயில் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளச் சுரங்கம் ஒன்று வெட்டப்பட்டது. 1867இல் அதைக் குடைந்து முடித்தவர்களிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளரே. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே சுரங்கத்தின் வழியே ஸ்டீவன்சனின் வண்டி சென்றது. அதே தொடரில் சீனர் வண்டியும் சென்றது. அதில் இருந்தவருள் அந்தக் கல்லில் உளி பிடித்தவர் எவரேனும் இருந்தனரா என்று அவர் எழுந்து போய்க் கேட்டிருந்தால், நமக்கு இன்னொரு நூல் கிடைத்திருக்கும்.